வந்துட்டிருக்கு

உறுதி செய்யப்படவில்லை. இந்த ரெண்டு வார்த்தையையே திரும்பத் திரும்பப் படிச்சுட்டு உக்காந்திருக்கேன், கல்யாண மண்டபத்துல, முன்னாடியிருந்து மூணாவது வரிசையில, சுத்தாத ஃபேனுக்கு நேர் கீழ. மடியில போன், போன் மேல முந்தானை, கையில மொய்க் கவர். தாலி கட்டியாச்சு, அட்சதை போட்டாச்சு, இப்ப போட்டோ எடுக்க ஆளாளுக்கு மேடை ஏறி எறங்கறாங்க. நான் மட்டும் முந்தானையைத் தூக்கறதும் மூடறதுமா இருக்கேன், மடியில பூனைக்குட்டியை ஒளிச்சு வெச்சவளாட்ட. காசு காலையிலயே என்ற கைய விட்டுப் போயிருச்சு. என்ற மக நித்திலா கைக்கு இன்னும் போய்ச் சேரல. நடுவுல எங்க நிக்குதுன்னு யாரைக் கேக்கறது? பேங்கா இருந்தா மேனேஜர் ரூம் முன்னாடி போயி நிக்கலாம், மணியார்டரா இருந்தா போஸ்ட்மேனைப் புடிக்கலாம். இது பிட்காயின். கண்ணுல பாக்க முடியாத காசு, கண்ணுல பாக்க முடியாத எடத்துல நிக்குது. அவ டாக்டருக்குப் படிக்கற அந்தப் பனி ஊர்ல போன வாரம் சண்டை வந்துருச்சு. பேங்கெல்லாம் மூடிக் கெடக்குது, கார்டைத் தேய்ச்சா வேலை செய்யறதில்ல. இன்னிக்கு ஒரு வேன் எல்லைக்குப் போகுது. வேன்காரன் இந்தக் காசுதான் வாங்குவானாம், அதுவும் உறுதி ஆனாத்தான் ஏத்துவானாம். நாங்க இங்க சாப்பிட்டுக் கை கழுவற நேரத்துக்கு அங்க வேன் கிளம்பிரும். இதுக்கப்பறம் இன்னொரு வேன் உண்டா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. இந்த ஃபேன் ஏன் சுத்த மாட்டேங்குது, யாராவது அந்தச் சுவிட்சைப் போடுங்களேன்.

நேரா வேன்காரனுக்கே அனுப்பிரட்டுமா கண்ணுன்னு நித்திலாகிட்டக் கேட்டதுக்கு, வேண்டாம்மா, நான் வேனைக் கண்ணுல பாக்கணும், டயரைப் பாக்கணும், ஆளு மூஞ்சியைப் பாக்கணும், அப்பறந்தான் காசுன்னா. மாட்டுச் சந்தையில அவிங்க தாத்தன் பல்லைப் புடிச்சுப் பாத்தவராச்சே, ரத்தம் எங்க போகும். அந்தக் காசும் அவளோடதுதான். தெனம் காலேஜ் விட்டு ரூமுக்கு வந்து, கம்ப்யூட்டர்ல எலும்புப் படத்துல எலும்பு எலும்பா பேரு குறிச்சுக் குடுத்து எந்த நாட்டுக்காரன்கிட்டயோ சம்பாதிச்சது. என்ற போன்ல இருந்தா செலவாயிரும், உன்ற போன்ல இருக்கட்டும், உன்றது உடும்புப்புடின்னு சொல்லி லீவுக்கு வந்தப்ப என்ற போன்ல ஏத்தி வெச்சுட்டுப் போனா. நானும் அப்பப்ப தொறந்து பாத்துட்டு மூடிருவேன், பீரோ சாவி இருக்குதான்னு இடுப்பைத் தொட்டுப் பாத்துக்கற மாதிரி. இன்னிக்கு விடியக்காலையில கூப்பிட்டா. அம்மா, பதறாம கேளு, இவ்வளவு ரூபாய்க்கு அனுப்பு, மிச்சம் கொஞ்சம் நிக்கும், அது அனுப்பறதுக்குக் கூலி, அதைத் தொட்டுராதன்னா. தொட்டுராதன்னு சொன்னா. அவ்வளவு தெளிவாச் சொன்னா. சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டிட்டு, நான் தொட்டுட்டேன்.

இந்தக் கவர்னால வந்த வெனை. மொய்க் கவர்ல ஒத்த ரூபா ஒட்டியே வருதே, அந்த ஒண்ணு. காலையில சாப்பாட்டு மேசையில ஒரு பக்கம் கவரு, ஒரு பக்கம் போனு. கவருக்குள்ள நோட்டை வெச்சு ஒட்டி, என்ற ஊட்டுக்காரர் பேரை எழுதி முடிச்ச கையோட போனை எடுத்தா, நித்திலா சொன்ன தொகை மொட்டையா சைபர்ல முடிஞ்சு நிக்குது. சைபர் சைபரா. ரெண்டு தடவை கூடப் பேசியிராத மாப்பிள்ளைப் பையனுக்கு ஒண்ணு வெச்சுக் குடுக்கறோம், வயித்துல பொறந்த புள்ளை உசுரைக் கையில புடிச்சுட்டுக் கிளம்பற பயணத்துக்குச் சைபர்ல முடிச்சு அனுப்பறதா. மனசு கேக்கல. அத்தனை பெரிய தொகைக்கு வெறும் ஒண்ணு வெச்சாலும் கேலி பண்ற மாதிரி இருக்கும், நூத்தியொண்ணாச்சும் வெக்கணும். வெச்சேன். கூலிக்குப் பத்தலன்னு போன் சொல்லுச்சு. கீழ பாத்தா கூலியிலயே வேகமாக, நடுத்தரம், மெதுவாகன்னு மூணு இருக்குது. மெதுவாகங்கறதுல வெச்சேன், சரியாப் போச்சு. மெதுவாத்தான் போகட்டுமே, நல்லபடியாப் போயிச் சேர்ந்தாச் சரின்னு நெனச்சேன் பாரு, அந்த நெனப்புல கொள்ளியை வெக்க. அனுப்பிட்டுக் கையெடுத்துக் கும்பிடவும் கும்பிட்டேன். முன்னூறு வாட்டி ஆட்டோக்காரன்கிட்டப் பேரம் பேசின வாய், கூலின்னு எழுதியிருந்தாக் கொறைக்கத் தோணாம வேற என்ன தோணும்.

ஏங்கண்ணு சுகந்தி, நித்திலா எப்ப வர்றா? இது ருக்மணியக்கா, என்ற ஊட்டுக்காரருக்குப் பெரியம்மா மக, பக்கத்து சேர்ல வந்து பட்டுச்சேலை மொடமொடன்னு உக்காந்தாச்சு. லீவு விட்டா வருவாக்கான்னேன். சிரிக்கவும் சிரிச்சேன். டீவியில என்னமோ சண்டைங்கறாங்களே, அந்த ஊரா? இல்லக்கா, அது அக்கட்ட, இவ இருக்கறது இக்கட்ட. எது அந்தப்பக்கம் எது இந்தப்பக்கம்னு எனக்கே தெரியாது, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அக்கா அதோட விட்டுட்டு மாப்பிள்ளையோட அம்மா கழுத்துல கெடக்கற ஆரத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. நித்திலா அப்பாகிட்டயே நான் சொல்லல, அக்காகிட்டச் சொல்றனா. அந்த மனுசன் ரத்தக்கொதிப்பு மாத்திரை போட்டுட்டு முதல் பந்திக்கே போயி எடம் புடிச்சு உக்காந்திருக்கறாரு. சொன்னா எலையை விட்டு எந்திரிச்சு மண்டபமே கேக்கறாப்ல கத்துவாரு, மந்திரிக்குப் போன் போடுன்னுவாரு, அப்பறம் நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்துருவாரு. நித்திலாளும் அதையேதான் சொன்னா. அப்பாவுக்கு எல்லையைத் தாண்டிட்டுச் சொல்லிக்கலாம்மா, இப்ப உன்ற தைரியம் ஒண்ணு போதும்னா. என்ற தைரியமாம். முந்தானைக்குள்ள நான் போனைத் தொறந்து தொறந்து மூடறதை அவ பாக்கல.

உறுதி செய்யப்படவில்லை. சாப்பாட்டுக் கூடத்து வாசல்ல கும்பல் முண்டுது. இங்க இருந்தே தெரியுது, உக்காந்து சாப்பிடறவங்க முதுகுக்குப் பின்னால நாற்காலி நாற்காலிக்கு ஒருத்தர் நிக்கறாங்க, நாற்காலி மேல கையை வெச்சுட்டு, சாப்பிடறவங்க எப்ப மோர் ஊத்திக்குவாங்கன்னு எலையையே பாத்துட்டு. போன வருசம் இதே மாதிரி ஒரு கல்யாணத்துல நாங்க ரெண்டு பேரும் அப்படி நின்னப்பத்தான் அவ எனக்கு இந்தக் காசோட நாயத்தையே சொல்லிக் குடுத்தா. அம்மா, பிட்காயினும் பந்தி மாதிரிதான். ஏறக்குறையப் பத்து நிமிசத்துக்கு ஒரு பந்தி உக்காரும். எடம் கொஞ்சந்தான், நிக்கறவங்க நெறைய. யாரு கூலி அதிகம் தர்றாங்களோ அவங்களைக் கூப்பிட்டு உக்கார வெப்பாங்க. கொறைச்சுக் குடுத்தா நின்னுட்டே இருக்கணும், கூட்டம் கொறைஞ்சாத்தான் எலை. அப்ப நான் கேட்டேன், அங்க நம்மாளு ஒருத்தரும் இல்லையா, ஒரு மாமன் மச்சான், சித்த இவளையும் உக்கார வையப்பான்னு சொல்றதுக்குன்னு. விழுந்து விழுந்து சிரிச்சா. யாருமே இல்லம்மா, அதுக்கு மொதலாளியே கெடையாது, யாரு கால்லயும் விழ முடியாது, யாரும் உன்னைத் தள்ளிவிடவும் முடியாதுன்னா. அப்ப அது பெரிய நாயமாத் தெரிஞ்சுது. சிபாரிசு இல்லாத எடம் ஒண்ணு ஒலகத்துல இருக்குதேன்னு. இப்ப அந்த நாயத்தை நெனச்சாத்தான் பயமா இருக்குது. என்ற காசு கடைசி வரிசையில, யாருக்கும் தெரியாத ஆளா, கையில ஒரு மஞ்சப்பையோட நிக்குது. அதுக்கு முன்னால எத்தனையோ பேரு கூலியை வீசி வீசி உக்காந்துட்டே இருக்கறாங்க. வேகப்படுத்துன்னு ஒரு பட்டன் இருக்குது, அமுக்குனேன். போதிய இருப்பு இல்லைன்னு சொல்லிருச்சு. இருந்ததைத் தொடச்சுத்தான் நூத்தியொண்ணு வெச்சுட்டனே.

அவ தொலைஞ்சு போன நாள் நெனப்புக்கு வருது, இப்பப் பாத்து. பழனியில, தைப்பூசத்துக்கு, ரெண்டாவது படிக்கறா. கையைப் புடிச்சுட்டுத்தான் இருந்தேன், திரும்பிப் பாத்தாக் கையில வேற யாரோ புள்ளையோட கை. எனக்கு ஒலகமே இருட்டிப் போச்சு. அழுதுட்டே கும்பல்ல முட்டி மோதிட்டிருக்கறேன், மைக்குல ஒரு குரல். நித்திலா பேசறேன், சுகந்திங்கற எங்கம்மா காணாமப் போயிட்டாங்க, பச்சைக் கலர் சேலை, பயந்துட்டிருப்பாங்க, யாராவது பாத்தா போலீஸ் டெண்டுக்குக் கூட்டிட்டு வாங்க. ஓடிப் போயிப் பாத்தா, போலீஸ்காரர் நாற்காலியில உக்காந்து பிஸ்கட் தின்னுட்டிருக்கறா. அம்மா நீ அழாத, கெடைச்சுட்டயில்லன்னு சிரிக்கறா. அன்னிக்கு ஒரு அறை விட்டேன். அப்பறம் ஊட்டுக்கு வந்து அவ தூங்கறப்ப ரொம்ப நேரம் அந்த மூஞ்சியையே பாத்துட்டிருந்தேன். இது நம்ம வயித்துல எப்படிப் பொறந்துச்சுன்னு. நான் எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல பஸ் பேரைக் கேக்கறதுக்கே நாலு தடவை எச்சில் முழுங்கறவ. இவ பாஷை தெரியாத ஊருக்குத் தனியாப் போயி, காய்க்காரிகிட்டச் சண்டை போட்டுச் சண்டை போட்டே பாஷையைக் கத்துக்கிட்டா. மொதல்ல திட்டுறதுதான் வந்துச்சு, மத்ததெல்லாம் அப்பறம் வந்துச்சும்மாம்பா. அந்தக் காய்க்காரிதான் இந்த வேன்காரனையே புடிச்சுக் குடுத்தாளாம்.

வேன்ல ரெண்டு எடம். அதைச் சொன்னப்ப என்ற புத்தி போன போக்கை நெனச்சா வெக்கமா இருக்குது. ரெண்டாவது எடம் லிந்தோய்க்கு, இவ கூட ரூம்ல இருக்கற வடகிழக்குப் பக்கத்துப் புள்ளை. அந்தப் புள்ளைக்கு ஊட்டுல இருந்து காசு வர வழியில்ல. நான் மெதுவாக் கேட்டேன், கண்ணு, ஒரு எடத்துக்கு மட்டும் குடுத்தா உன்ற கையில கொஞ்சம் நிக்குமே, போற வழியில பசி தண்ணிக்கு ஆகுமேன்னு. ஒடனே சொன்னா, அம்மா, அப்படின்னா நானும் இங்கியே இருந்துக்கறேன். கோபமே இல்லாமச் சொன்னா. எனக்கு ஆத்திரமா வந்துச்சு, உன்ற தியாகத்துல இடி விழுகன்னு திட்டவும் திட்டினேன். திட்டிட்டே உள்ளுக்குள்ள, அடி என்ற தங்கமேன்னுதான் இருந்துச்சு. ரெண்டும் ஒண்ணா வருது, என்ன பண்றது. மேடையில பொண்ணையும் மாப்பிள்ளையையும் கை கோத்து நிக்கச் சொல்றான் போட்டோக்காரன். நித்திலா இருந்தா இந்நேரம் அவன்கிட்டப் போயி லைட்டைத் தள்ளி வையண்ணா, பொண்ணு கண்ணு கூசுதுன்னு சொல்லியிருப்பா. யாருக்கு எது உறுத்துதுன்னு அவளுக்குத்தான் மொதல்ல தெரியும்.

போன் துடிச்சுது. முந்தானைக்குள்ள பாத்தேன். உறுதி இல்ல, அவதான் எழுதியிருக்கா. வேன் வந்துருச்சும்மா, டயர் பரவால்ல, ஆளும் பரவால்ல. நான் எழுதினேன், காசு வந்துருச்சா. வந்துட்டிருக்கும்மா, வரல. இதையேதான் காலையில இருந்து சொல்றா. என்ற போன்ல உறுதி செய்யப்படவில்லை, அவ போன்ல வந்துட்டிருக்கு. வந்துட்டிருக்குன்னா எங்க வந்துட்டிருக்கு, ஈங்கூர் தாண்டிருச்சா, பெருந்துறையா? ஆஸ்பத்திரியில கேட்டாலும் டாக்டர் வந்துட்டிருக்காருங்கறாங்க, பஸ் ஸ்டாண்டுல கேட்டாலும் வண்டி வந்துட்டிருக்குங்கறாங்க. வந்துட்டிருக்குன்னா வரலன்னுதான் அர்த்தம். அடுத்தது எழுதினா, ஆச்சரியமா இருக்கும்மா, நான் விடச் சொன்ன கூலிக்கு இந்நேரம் ரெண்டு மூணு பந்திக்கு முன்னாடியே உக்காந்திருக்கணுமே. படிச்சதும் காதெல்லாம் சூடாயிருச்சு. சொல்லலாமா வேண்டாமான்னு நான் யோசிக்கற நேரமெல்லாம் அவ வேன் பக்கத்துல பனியில நிக்கறா. சொன்னா என்ன ஆகப் போகுது, திட்டுவா. திட்டட்டும். எந்திரிச்சேன். அக்கா, இந்தா வந்தர்றேன்னு சொல்லிட்டுக் கை கழுவற எடத்துக்குப் போயி, கொழாய்க்கும் செவுத்துக்கும் நடுவுல நின்னு கூப்பிட்டேன்.

ஹலோன்னா. பின்னால காத்துச் சத்தம், யாரோ கத்தற சத்தம். நான் மூச்சு விடாமச் சொன்னேன், சாமி, நான் கூலியில கை வெச்சுட்டேன், சைபர்ல முடிஞ்சுதா, பயணமாச்சேன்னு நூத்தியொண்ணு சேத்து வெச்சுட்டேன், அதுக்குப் பத்தலன்னு மெதுவாகங்கறதுல போட்டுட்டேன், என்னைச் செருப்பால அடி. அவ சிரிக்கறா. பழனியில பிஸ்கட் தின்னுட்டுச் சிரிச்ச அதே சிரிப்பு. அம்மா, நீ எனக்கு மொய் வெச்சியா? நான் அழுதுட்டேன். கொழாயைத் தொறந்து விட்டுட்டு அழுதேன். சரி சரி அழாத, காரணம் தெரிஞ்சுருச்சில்ல, அது போதும், எனக்குத் தெரியாமத்தான் முழிச்சுட்டிருந்தேன்னா. இப்ப என்னடி பண்றது, வேன் போயிருமேன்னேன். கேளும்மா. உன்ற காசு பின்னால நிக்குதில்ல. அது இன்னும் உக்காரலன்னாலும் எனக்கு வரப் போற காசுதான். அதை நான் இப்பவே வேன்காரன் பேருக்கு அனுப்பறேன். ஆனா நான் கூலி பெருசாக் குடுக்கறேன், ரெண்டு பேருக்கும் சேத்து. என்னை உக்கார வெக்கணும்னா உன்னையும் உக்கார வெச்சே ஆகணும், உன்றது இல்லாம என்றது இல்லையே. கூலியை வேணுங்கறவங்க ரெண்டு பேரையும் கையைப் புடிச்சு ஒரே பந்தியில உக்கார வெச்சுருவாங்க. அவ்வளவு கூலிக்கு உன்கிட்ட ஏது காசுன்னு கேட்டேன். நீ வெச்ச நூத்தியொண்ணு இருக்கே. என்கிட்டயும் ஒட்டுன மிச்சம் கொஞ்சம் கெடக்குது. ரெண்டையும் போட்டாச் சரியா இருக்கும்மா. அப்படியெல்லாம் பண்ண முடியுமா, இது நீயாக் கண்டுபுடிச்சதான்னேன். அட இல்லம்மா, எல்லாரும் பண்றதுதான், இதுக்குப் பேரே இருக்குது. என்ன பேரு? சொன்னா. பெத்தவங்களுக்குப் புள்ளை கட்டறது. வெளையாடாதடின்னேன். சத்தியமா அதான் பேரும்மா, மொதல்ல போறது அப்பா அம்மா, பின்னால வர்றது புள்ளை, அம்மா நகர முடியாம நின்னாப் புள்ளை காசு கட்டிக் கூட்டிட்டுப் போகும். வெச்சர்றேன், கை வெறைக்குதுன்னு வெச்சுட்டா.

கொழாய் ஓடிட்டே இருக்குது. யாரு வெச்சாங்களோ அந்தப் பேரு. எந்த ஊர்லயோ, எந்தக் காலத்துலயோ, கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து ஒருத்தன், காசு முன்ன பின்ன போறதுக்கு ஒரு பேரு வெக்கணும்னு யோசிச்சு, இதை வெச்சிருக்கறானே. அவனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாங்க, அவங்களும் எதையாவது கொறைச்சு எதுலயாவது சேத்திருப்பாங்க. மூஞ்சியைக் கழுவிட்டு வந்தேன். ருக்மணியக்கா கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க, ரெண்டாவது பந்தி எந்திரிக்குது கண்ணு, நாற்காலியைப் புடின்னு. நானும் நின்னேன். யாரோ ஒரு பெரியவர் மோர்ச் சோத்தை நிதானமாப் பெசஞ்சுட்டிருந்தாரு, அவரு முதுகுக்குப் பின்னால, நாற்காலி மேல கைய வெச்சுட்டு. எனக்கு இந்நேரம் சோறு எறங்குமா. ஆனா நான் இங்க உக்காந்தா அவ அங்க உக்காந்துருவாளோன்னு ஒரு கிறுக்கு. பெரியவர் எந்திரிச்சாரு. உக்காந்தேன். எலை வந்துச்சு, தண்ணி தெளிச்சேன். இனிப்பு வெச்சாங்க, பொரியல் வெச்சாங்க, நான் எதையும் தொடல. போனை எலைக்குப் பக்கத்துலயே வெச்சுட்டேன், இனி எதுக்கு ஒளிக்கறது. உறுதி செய்யப்படவில்லை. சோறு வெச்சாங்க. உறுதி செய்யப்படவில்லை. பருப்பு ஊத்தினாங்க, நெய் ஊத்தினாங்க, அக்கா என்னமோ கேட்டாங்க, நான் தலையை ஆட்டினேன். என்ற கண்ணுக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிஞ்சுது. தொடச்சுட்டுப் பாத்தா எழுத்து கலங்கல, எழுத்தே மாறியிருக்குது. உறுதி செய்யப்பட்டது.

அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, ஒரு மணியடிக்கல, ஒரு பூ விழல. ஒரு சின்னப் பச்சைக் குறி, அவ்வளவுதான். ஒரே பந்தியில ஆத்தாளும் மகளும் உக்காந்தாச்சு. சித்த நேரம் கழிச்சு அவகிட்ட இருந்து ஒரு போட்டோ வந்துச்சு. வேனுக்குள்ள, தொப்பிக்குள்ள மூஞ்சி, பக்கத்துல தோள் மேல சாஞ்சுட்டு அந்தப் புள்ளை லிந்தோய். ஜன்னல் கண்ணாடியில வெளிய நிக்கற காய்க்காரியோட கை மட்டும் தெரியுது. கீழ எழுதியிருக்கா, மொய் கெடைச்சுதும்மா, நன்றி, சாப்பிடு. நான் சோத்தைப் பெசஞ்சேன். எத்தனையோ நாளைக்கப்பறம் பசிக்கற மாதிரி பசிச்சுது. அக்கா எலையில இருந்து நிமிந்து, நானும் கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன், நீ ஒழுங்காச் சொல்லவே இல்ல, புள்ளை எப்பத்தான் கண்ணு வர்றா, அவ வந்தா ஒரு வரன் இருக்குதுன்னாங்க. வாயில இருந்ததை முழுங்கிட்டு, அவங்களை நேராப் பாத்துச் சொன்னேன்.

வந்துட்டிருக்காக்கா.